அப்பாவின் ஆல்பங்களை என்ன செய்வது?

கேள்வி: அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் சேர்த்துவைத்த ஏழெட்டு ஆல்பங்கள் அலமாரியில் இருக்கின்றன. கவர்களில் கட்டுக்கட்டாக இன்னும் எவ்வளவோ. பாதிப் படங்களில் இருப்பவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. “ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டுவிட்டுப் பழசைத் தூக்கி எறியலாம், இடத்தை அடைக்கிறது” என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. ஆல்பத்தை எடுத்தாலே அம்மா கண் கலங்குகிறார். அதனால் அவர் எதிரில் எடுப்பதே இல்லை. செல்போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும்போது இதையெல்லாம் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறதா?
- ஒரு வாசகி

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

“யாரென்றே தெரியாது” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது அந்த வரிதான். படம் முகத்தைக் காப்பாற்றும், பெயரைக் காப்பாற்றாது. பெயர் சொல்லக்கூடியவர் வீட்டிலேயே இருக்கிறார். அவரிடமிருந்துதான் ஆல்பத்தை ஒளிக்கிறீர்கள். அழட்டுமே! கணவரை இழந்தவர் அவர் படத்தைப் பார்த்து அழுவது நோயா என்ன? பார்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். இன்றைக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும். செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பேசவிடுங்கள். யார், எங்கே, எப்போது என்பதோடு நிறுத்தாமல், “இதை யார் எடுத்தது?” என்றும் கேளுங்கள். அப்பா சேர்த்த ஆல்பம் என்கிறீர்கள். அதில் அவர் முகம் அதிகம் இருக்காது என்பது என் ஊகம். கேமரா பிடிப்பவர் படத்தில் விழுவது அபூர்வம். ஆனால் யாரை நடுவில் நிறுத்தினார், யாரைச் சிரிக்கவைக்கப் பார்த்தார், முன்தரையில் நீளமாகக் கிடக்கும் நிழல் யாருடையது என்று பாருங்கள், அவர் அகப்படுவார். பின்னணியையும் விடாதீர்கள். யாரும் வேண்டுமென்று எடுக்காத சுவர்க் கடிகாரமும் கொடியில் காயும் துணியும்தான் பல சமயம் அம்மாவைப் பேசவைக்கும்.

அம்மா சொல்வதும் உங்கள் நினைவும் மோதினால் சண்டை வேண்டாம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நினைவு அவ்வளவு நம்பகமானதல்ல. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், சின்ன வயதில் வெப்பக்காற்று பலூனில் பறந்ததுபோல ஒட்டுவேலை செய்த படத்தை 20 பேரிடம் காட்டினார்கள். நடக்கவே நடக்காத அந்தப் பயணம், சில சந்திப்புகளுக்குள் பாதிப் பேருக்கு முழுசாகவோ அரைகுறையாகவோ ‘நினைவுக்கு’ வந்துவிட்டது!

செல்போன் படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் அருங்காட்சியகத்தில் நடத்திய ஆய்வில், ஒரு பொருளை முழுசாகப் படம் எடுத்தபோது, சும்மா நின்று பார்த்த அளவுக்குக்கூட அது நினைவில் தங்கவில்லை. ஏதாவது ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தபோது அந்த நஷ்டம் இல்லை. எடுத்துக் குவிப்பதால் மட்டும் நினைவு சேராது. அப்புறம் திரும்ப எடுத்துப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி. ஆல்பத்தையாவது யாராவது புரட்டுவார்கள், செல்போனில் ஆயிரத்தை யார் புரட்டுகிறார்கள்?

சரி, வேலைக்கு வருவோம். கலர் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அவற்றிலுள்ள சாயம் வெளுக்கும். 70, 80-களின் படங்கள் பல சிவந்துபோயிருப்பது அதனால்தான். கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, ஓரளவு தாங்கும். ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வைத்தால் நல்லது. பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசை வரிகளின் மேல் படத்தை ஒட்டும் ஆல்பமாக இருந்தால் ஜாக்கிரதை. பசை பழுத்து, படத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கும். முதலில் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு பல் இடுக்கில் விடும் நூலை ஓரத்தில் நுழைத்து, மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், பிய்க்க வேண்டாம்.

பெயர்களைப் படத்தின் பின்புறம் ஓரமாக, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அதற்குக் காகித உறை போட்டு உறையில் எழுதுங்கள். ஸ்கேன் செய்த கோப்பில் ஸ்கேன் செய்த நாள்தான் பதிவாகும் என்பதால் கோப்பின் பெயரிலேயே வருடத்தைச் சேர்த்துவிடுங்கள். பென் டிரைவை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். மூன்று பிரதிகள் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில்.

தூக்கி எறிவதா? கலங்கிய படங்கள், ஒரே காட்சியின் நாலைந்து பிரதிகள் போகட்டும். அம்மாவுக்கே அடையாளம் தெரியாதவர்களின் படத்தை மூத்த உறவினர்களுக்கு அனுப்பிக் கேட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நெகட்டிவ் இருந்தால் தூக்கி எறியவே கூடாது. அதுதான் மூலம், பிரின்ட் அதன் நகல். இடம்தான் தம்பியின் பிரச்சினை என்றால் பெட்டியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள், யோசனை அவருடையதுதானே?