அமெரிக்காவில் கைதான தம்பி எந்த ஜெயிலில் இருக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அவனிடம் எப்படிப் பேசுவது?

தம்பியைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டதாக அவனுடைய அறைத்தோழர் சொன்னார், எந்த ஜெயில் என்று அவருக்கும் தெரியவில்லை, தம்பியின் போனும் அணைந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாமல் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இனி கிடைக்கும் ஒவ்வொரு எண்ணையும் அதில்தான் எழுதப் போகிறீர்கள்.

முதலில் தெரிய வேண்டியது கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி. புதிதாகக் கைதானவர்களைப் பெரும்பாலும் ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) அலுவலகம் நடத்தும் கவுண்டி ஜெயிலில்தான் வைப்பார்கள். 'பிரிசன்' என்பது தண்டனை பெற்றவர்களுக்கான மாநில அமைப்பு, அங்கே இப்போது தேட வேண்டாம். ஒரே ஊர் இரண்டு கவுண்டிகளில் பரவியிருப்பதும் உண்டு. டெக்சாஸின் ஃபிரிஸ்கோ, காலின் கவுண்டியிலும் டென்டன் கவுண்டியிலும் இருக்கிறது. எந்தத் தெருவில் கைதானார் என்று தெரிந்தால் குழப்பம் தீரும், தெரியாவிட்டால் இரண்டிலும் தேடுங்கள். கனெக்டிகட், டெலாவேர், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், அலாஸ்கா, ஹவாய் ஆகிய ஆறு மாநிலங்களில் ஜெயில்களை மாநில அரசே நடத்துகிறது. அங்கே மட்டும் மாநிலச் சீர்திருத்தத் துறையின் தளத்தில் தேட வேண்டும்.

கவுண்டி பெயரோடு 'இன்மேட் சர்ச்' (கைதி தேடல்) அல்லது 'ஜெயில் ரோஸ்டர்' (கைதிகள் பட்டியல்) என்று ஆங்கிலத்தில் தேடினால் பல இடங்களில் ஷெரிஃபின் தளமே பட்டியலைக் காட்டும். பணம் கேட்கும் தனியார் தளங்களை மூடிவிடுங்கள், இந்தத் தகவலுக்குக் கட்டணம் தேவையில்லை.

நம்மவர்கள் தடுக்கி விழுவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும், சொந்தப் பெயர் கடைசிப் பெயர் இடத்துக்குப் போய்விடும். ஓட்டுநர் உரிமத்திலும் அதே கோலம் தொடர்வதுண்டு, ஜெயிலும் அதைப் பார்த்தே பதிவு செய்யும். ஆகவே அவர் பெயரைக் கடைசிப் பெயராக வைத்துத் தேடுங்கள், பிறகு அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்துத் தேடுங்கள். நீளமான பெயரென்றால் முதல் மூன்று நான்கு எழுத்துகள் மட்டும் போட்டுப் பாருங்கள். பிறந்த தேதி கையில் இருக்கட்டும்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் அவர் அங்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கைரேகை, புகைப்படம், மருத்துவக் கேள்விகள் என்று பதிவு முடியவே பல மணி நேரம் ஆகும். நகரப் போலீசின் சிறிய லாக்கப்பில் வைத்திருந்து பிறகு கவுண்டிக்கு மாற்றுவதும் வழக்கம். ஜெயிலின் பொது எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், சில மணி நேரம் விட்டு மறுபடியும் கேளுங்கள். குடிவரவுத் துறையான ஐஸ் பிடித்திருந்தால் கவுண்டிப் பட்டியலில் வராமல் போகலாம். அதற்கென்று தனி இணையத் தேடல் இருக்கிறது. 'ஏ' எண்ணும் (குடிவரவுத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் பதிவு எண்) பிறந்த நாடும், அல்லது முழுப் பெயரும் பிறந்த நாடும் கொடுக்க வேண்டும். அதில் எழுத்து ஒன்று பிசகினாலும் பெயர் வராது.

ஆள் கிடைத்ததும் போனில் இந்த ஐந்தையும் கேட்டு எழுதுங்கள்: புக்கிங் எண் (ஜெயில் அவருக்குத் தந்த பதிவு எண்), என்ன குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, அடுத்த நீதிமன்றத் தேதி, 'ஹோல்டு' (அவரை விடாமல் வைத்திருக்கும்படி வேறு துறை கொடுத்த கோரிக்கை) ஏதும் இருக்கிறதா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஐஸின் ஹோல்டு இருக்கும்போது அவசரப்பட்டு ஜாமீன் கட்டினால், வெளியே வருவதற்குப் பதில் அவர் நேராக ஐஸின் கைக்குப் போகக்கூடும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் பான்ட்ஸ்மேனிடம் கட்டும் பணம், பெரும்பாலும் ஜாமீன் தொகையில் 10 சதவீதம், திரும்ப வராது. குடிவரவு வழக்கறிஞரைக் கேட்ட பிறகே கட்டுங்கள்.

குற்ற வழக்கில் வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றம் பப்ளிக் டிஃபெண்டரை (அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞரை) நியமிக்கும். குடியுரிமை இல்லாதவருக்கும் இது உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தப்படுவாரா என்று சொல்ல வேண்டியது அந்த வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதை நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

இந்தியக் குடிமகன் என்றால் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லும் உரிமை வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் இந்தியா கட்டாயத் தகவல் பட்டியலில் இல்லை, கைதானவர் கேட்டால்தான் சொல்வார்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காமல் அந்தப் பகுதிக்கான தூதரகத்துக்கு நீங்களே பாஸ்போர்ட் எண், புக்கிங் எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பேசுவதற்கு வருவோம். நீங்கள் அவரைக் கூப்பிட முடியாது, அவர்தான் உங்களைக் கூப்பிட வேண்டும். செக்யூரஸ், வயாபாத் போன்ற தனியார் நிறுவனங்கள்தான் ஜெயில் போன்களை நடத்துகின்றன. எந்த நிறுவனம் என்று ஜெயில் தளத்தில் பார்த்து, உங்கள் எண்ணில் முன்பணக் கணக்குத் திறந்து காசு போடுங்கள். கணக்கு இல்லாத கைபேசிக்கு அழைப்பு வந்தும் இணையாமல் போகும். தெரியாத எண்களைத் தடுக்கும் அமைப்பை நிறுத்தி வையுங்கள், பதிவுக் குரல் கேட்டதும் வைத்துவிடாமல் அது சொல்லும் எண்ணை அழுத்துங்கள். வெளிநாட்டு எண்ணுக்குப் பல ஜெயில்களிலிருந்து கூப்பிட முடியாது, எனவே அமெரிக்காவில் நம்பகமான ஒருவர் எண் வேண்டும். அவர் உங்களையும் அதே அழைப்பில் சேர்க்கப் பார்த்தால் இணைப்பு துண்டிக்கப்படும். கான்ஃபரன்ஸ் அழைப்புக்கு அனுமதியில்லை.

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: வழக்கைப் பற்றி அந்தப் போனில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எல்லாம் பதிவாகிறது. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. மொழிபெயர்த்து நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைக்க அரசுத் தரப்பால் முடியும். "என்னடா நடந்தது?" என்று கேட்கத்தான் மனம் துடிக்கும். அதற்குப் பதில், "சாப்பிட்டாயா, மருந்து கொடுத்தார்களா, வக்கீல் வந்தாரா" என்று மட்டும் கேளுங்கள். வீடியோ சந்திப்புக்கும் இதுவே பொருந்தும்.

சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா மாதிரி நோய் இருந்தால் நாள் கடத்தாதீர்கள். வீட்டிலிருந்து கொடுக்கும் மாத்திரையைப் பொதுவாக வாங்க மாட்டார்கள். ஜெயிலின் மருத்துவப் பிரிவைப் போனில் பிடித்து, மருந்தின் பெயர், அளவு, எழுதிக் கொடுத்த மருத்துவர், வாங்கும் மருந்துக்கடை ஆகியவற்றைச் சொல்லுங்கள். யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் தாளில் குறியுங்கள்.

கடிதம் எழுதினால் பெயரோடு புக்கிங் எண்ணும் இருக்க வேண்டும். சில இடங்களில் தபால் அட்டை மட்டுமே வாங்குவார்கள். புத்தகம் பதிப்பகத்திலிருந்தோ கடையிலிருந்தோ நேரடியாகப் போனால்தான் உள்ளே விடுவார்கள். கான்டீன் செலவுக்கான பணத்தை ஜெயில் தளம் குறிப்பிடும் வழியில் மட்டும் போடுங்கள்.

"நான் வக்கீல், உடனே கிஃப்ட் கார்டில் ஜாமீன் கட்டுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் மோசடி. எந்த நீதிமன்றமும் கிஃப்ட் கார்டு வாங்காது. வைத்துவிட்டு, ஜெயிலின் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு, புக்கிங் எண்ணைச் சொல்லி ஜாமீன் தொகையைச் சரிபாருங்கள்.