வேலை போய்விட்டதா? முதலில் மனு, பிறகு வழக்கறிஞர்

கேள்வி: பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். போன மாதம் ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். மறுத்ததும் நீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நிர்வாகத்துக்கு மேல்முறையீடு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கிறேன். பினாங்கில் நல்ல வழக்கறிஞரை எப்படித் தேடுவது?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: காத்திருக்காதீர்கள். நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள், மலேசியாவின் 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ், வேலை செய்த இடத்துக்கு அருகிலுள்ள தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் போச்சு. நிர்வாகத்துக்கு அனுப்பிய மேல்முறையீட்டால் இந்தக் கெடு நீளாது. நல்ல வழக்கு கையில் இருந்தும் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இந்த மனுவுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. இலாகாவில் நடக்கும் சமரசப் பேச்சில் அவர் உங்களுக்காகப் பேசவும் முடியாது. மனுவில் "மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும்" என்றே கேளுங்கள். "நஷ்டஈடு மட்டும் போதும்" என்று எழுதிவிட்டால் வழக்கின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும், ஏனென்றால் 20ஆம் பிரிவு வேலையைத் திரும்பக் கேட்பவர்களுக்கானது.

ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதது மிக நல்ல காரியம். நீக்கக் கடிதம் இருப்பதால் நியாயமான காரணத்தை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். ராஜினாமா கொடுத்திருந்தால், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழுந்திருக்கும்.

சமரசம் முறிந்தால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கை அங்கே அனுப்பலாமா என்ற மனிதவள அமைச்சரின் முடிவுக்காக 2021 முதல் காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கறிஞர் வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகள் அதன் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. பினாங்குக் கிளையின் தீர்ப்புகள் சிலவற்றைத் திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். தொழிலாளிக்காக யார் வாதாடினார், நிறுவனத்துக்காக யார் என்று பெயர் போட்டிருக்கும். விளம்பரங்களைவிட இதை நம்பலாம். பிடித்த பெயரை வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் தேடி, இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பழைய நிறுவனத்துக்கு வேலை செய்திருக்கிறாரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

"24 மாதச் சம்பளம் நிச்சயம்" என்று அடித்துச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நிரந்தர ஊழியருக்கு வழங்கக்கூடிய பின்சம்பளத்தின், அதாவது நீக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடும் சம்பளத்தின், உச்சவரம்பு அது. நடுவில் வேறு வேலையில் சம்பாதித்ததையும், உங்கள் பக்கத் தவறையும் கணக்கில் எடுத்து நீதிமன்றம் குறைக்கலாம்.

கேள்வி: கையில் காசில்லை. ஜெயித்த பிறகு இத்தனை விழுக்காடு கொடுத்தால் போதும் என்கிறார் ஒருவர். சரியா?
- வாசகி, ஈப்போ

பதில்: அப்படிப் பங்கு பேசுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. விலகிவிடுங்கள். வழக்கறிக்கை (உங்கள் தரப்பை விளக்கி நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது), ஆவணத் தொகுப்பு, ஒவ்வொரு விசாரணை நாள், எழுத்துமூல வாதம் என்று கட்டம் கட்டமாகக் கட்டணத்தை எழுதி வாங்குங்கள், தவணையும் கேட்கலாம். வசதி குறைந்தவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். தொழிற்சங்க உறுப்பினர் என்றால் சங்க அதிகாரியே நீதிமன்றத்தில் வாதாட முடியும்.

யாரைப் பார்க்கப் போனாலும் நியமனக் கடிதம், நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், எச்சரிக்கைக் கடிதங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். பாக்கிச் சம்பளமோ மிகைநேரப் பணமோ இருந்தால் அது தொழிலாளர் இலாகாவில் தனியாகக் கொடுக்க வேண்டிய புகார். நீக்க மனுவோடு சேர்க்காதீர்கள்.