வயலினும் சின்தசைசரும்: கேள்வி பதில்

திருவையாறு: ஐயா, என் தோடி ஆலாபனைக்குப் பின்னணியில் சின்தசைசர் பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி நாதம்) சேர்த்தேன். வாசிப்பு சுத்தமாக இருந்தும் அபஸ்வரமாகக் கேட்கிறதே?

பேடில் மேஜர் கார்டு, அதாவது ஸ-க-ப சேர்ந்து ஒலிக்கும் கூட்டு, வைத்திருப்பீர்கள். அதில் அந்தர காந்தாரம் விடாமல் ஒலிக்கும். தோடிக்கோ சாதாரண காந்தாரம். அதுவும் ஓரிடத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசையும். கார்டைக் கலைத்துவிட்டு ஸ, ப மட்டும் வையுங்கள். ஃபில்டரை மெல்லத் திறந்து மூடினால் ஸ்வரம் அப்படியே இருக்கும், நாதத்தின் நிறம் மட்டும் மாறும். சங்கராபரணத்திலும் கவனம் வேண்டும். கீபோர்டு காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தம்புராவில் தானாக எழுவது ஏறக்குறைய 386. அந்த 14 சென்ட் இடறும்போது பழி வயலின் மேல்தான் விழும்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும்: வயலினுக்கு ஆட்டோட்யூன் (சுருதியைத் தானாகத் திருத்தும் மென்பொருள்) போடாதீர்கள். கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, படிக்கட்டாக வெட்டிவிடும்.

மன்னார்குடி: எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

கையில் இருப்பதே போதும்.

கும்பகோணம்: ஹெட்ஃபோனில் என் வயலின் தாமதமாகக் கேட்கிறது.

கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 வைத்தால் ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட் போய்விடும்.

மயிலாடுதுறை: சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த மண்ணில் இந்தக் கலப்படம் தேவையா?

மூவரும் பிறந்தது திருவாரூர். அவர்களில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் ஐரோப்பியரிடமிருந்து வயலின் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தவர். தஞ்சை நால்வர் என்ற இசை, நாட்டியச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்த வயலின் 1834-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று எந்த மேடையில் மின்சார சுருதிப்பெட்டி இல்லை?

மயிலாடுதுறை: வயலின் நமக்காக வளைந்து கொடுத்தது. உங்கள் மெஷின் கொடுக்குமா?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வயலினை மார்பில் சாய்த்து, அதன் தலையைப் பாதத்தில் ஊன்றி, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று மாற்றிய பிறகுதான் இடது கை கமகத்துக்குத் தாராளமாக நகர்ந்தது. சின்தசைசருக்கும் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். ஸ்வரஸ்தானங்களைச் சென்ட் கணக்கில் திருத்த இடம் தரும் கருவிகள் நிறைய உண்டு. ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டை இரண்டு அரைஸ்வரத்திலேயே விடாமல் பன்னிரண்டுக்கு விரித்தால் ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்வது) வரும். இவ்வளவும் செய்யாமல் மேடையேற்றுகிறவர்கள் மேல் எனக்கும் உங்கள் கோபம் உண்டு.

சீர்காழி: எந்த சாஃப்ட்வேர் நல்லது? லேசாக ஆட்டோட்யூன் போடலாமா?

முதலாவதற்கு மன்னார்குடிக்குச் சொன்னதே. இரண்டாவது, லேசாகவும் வேண்டாம்.

நாகப்பட்டினம்: மகளுக்கு எந்த அளவு வயலின் வாங்க?

அதை அவள் குருவிடம் கேளுங்கள் அம்மா. கை நீளத்தைப் பார்த்துச் சொல்லுவார்.

பாபநாசம்: ரிவர்ப் (எதிரொலி போன்ற நாத நீட்சி) எவ்வளவு வைக்கலாம்?

நீண்ட கார்வையில் தாராளமாக. பிருகா, அதாவது வேகமான ஸ்வரக் கோவை, வரும் இடத்தில் இறக்கிவிடுங்கள். முந்தின ஸ்வரத்தின் வால் அடுத்ததை மூடும். ஒரே அளவை முழு ஆலாபனைக்கும் விடாமல், ஃபேடரில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே ஏற்றி இறக்குங்கள்.