மண்ணுக்கடியில் ஒரு காவல்: காலடி சென்சார் பற்றிக் கேள்வி பதில்

ஏற்காட்டு மலையிலும் சேலம் சுற்றுவட்டாரத்திலும் ஆள் தங்காத தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. மண்ணில் புதைத்து, காலடி அதிர்வை வைத்து ஆள் நடமாட்டத்தைச் சொல்லும் கருவிதான் விஷயம்.

நாகலூர்: அண்ணா, பன்னிரண்டு ஏக்கர் காபி, ஊடுபயிரா மிளகு. ராத்திரியில கொடியிலேயே உருவிட்டுப் போயிடறாங்க. சுத்தி முழுக்கப் போட எத்தனை சென்சார் வேணும்?

சுற்றி முழுக்கப் போடாதீங்க தம்பி. பன்னிரண்டு ஏக்கர் சரியான சதுரமாக இருந்தால்கூடச் சுற்றளவு ஏறக்குறைய 880 மீட்டர். ஒரு சென்சாருக்கு 12 மீட்டர் ஆரம் என்று வைத்தால் முப்பத்தேழு வேண்டும். மலை நிலம் வளைந்து நெளிந்து கிடப்பதால் இன்னும் கூடும். அத்தனைக்கும் பேட்டரி மாற்றி, பராமரித்து முடியாது.

மிளகு திருட வருபவன் ஏணியோடு வருகிறான், மூட்டையோடு போகிறான். அந்தச் சுமையோடு சரிவில் காபிச் செடிகளுக்குள் புகுந்து போக முடியாது. ஏற்கெனவே இருக்கும் தடத்தில்தான் போவான். பகலில் ஒரு சுற்று நடந்து பாருங்கள்: வேலி தளர்ந்த இடம், ஓடையைத் தாண்டும் கல், ரோட்டில் வண்டி நிறுத்தத் தோதான வளைவு. இப்படி நாலைந்து இடம்தான் தேறும். ஒவ்வொன்றிலும் தடத்தின் ஓரமாக 15 மீட்டர் இடைவெளியில் இரண்டு சென்சார் வையுங்கள். எது முதலில் அடிக்கிறது என்பதை வைத்து ஆள் உள்ளே வருகிறானா, வெளியே போகிறானா என்று தெரிந்துவிடும்.

சேலம், அஸ்தம்பட்டி: எந்த சென்சார் வாங்கலாம் சார்? வைப்ரேஷன் ஸ்விட்ச் இருபது ரூபாய்க்குக் கிடைக்குதே.

அது ஆகாது. ஸ்பிரிங் ஸ்விட்ச் கதவைத் தட்டினால் சொல்லும், பத்து மீட்டர் தள்ளி மண்ணில் நடப்பதைச் சொல்லாது. உங்களுக்கு வேண்டியது ஜியோஃபோன். காந்தமும், ஸ்பிரிங்கில் தொங்கும் சுருளும்தான் உள்ளே. மண் அதிர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், அதற்குத் தனியாகக் கரண்ட் வேண்டாம். எஸ்.எம்.-24 என்ற வகை பரவலாகக் கிடைக்கிறது: சுருளின் இயல்பு அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ், சுருளின் மின்தடை 375 ஓம், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 28.8 வோல்ட். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் 20 மீட்டர் தள்ளி மெல்ல நடப்பவரால் மண் அசைவது நொடிக்குச் சில மைக்ரோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிவோல்ட்டில் சிறு பங்கு. அதனால் நூறு மடங்காவது பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், அதற்குப் பின்னால் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏ.டி.எஸ்.1115 போன்ற 16 பிட் மாற்றி, நொடிக்கு 250 அளவீடு. இது போதும்.

ஜியோஃபோனுக்குக் குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு காலடிக்குச் சுருள் பலமுறை ஆடிக்கொண்டே இருக்கும், அடுத்த காலடியோடு கலந்துவிடும்.

கொட்டச்சேடு: புதைக்கிற முறையைச் சொல்லுங்க. ஒரு அடியில பாறை தட்டுது.

நம் மலை சார்னோகைட் பாறை. சில இடத்தில் மேலே ஒரு சாண் மண்தான் இருக்கும். மண் இருக்கும் இடத்தில் முதலில் சருகை முழுக்க ஒதுக்குங்கள். கடப்பாரையால் 25 செ.மீ. குழி எடுத்து, ஜியோஃபோனின் ஆணியை அடிமண்ணில் இறுக்கமாகக் குத்துங்கள். நேராக நிற்க வேண்டும். பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்தால் சரிசெய்யுங்கள், ரொம்பச் சாய்ந்துவிட்டால் சுருள் ஒருபக்கம் ஒட்டிக்கொண்டு வேலையே செய்யாது. பிறகு கல் இல்லாத ஈரமண்ணைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கையாலேயே இறுக்குங்கள். சுற்றிக் காற்று இடைவெளி இருந்தால் தூரம் பாதியாகிவிடும். ஒரு நல்ல மழை பெய்து மண் படிந்த பிறகுதான் அளவு சரியாக நிற்கும், அதற்கு முன் எடுத்த டெஸ்ட்டை நம்ப வேண்டாம்.

பாறை தட்டினால் ஆணியைக் கழற்றிவிட்டு, பாறையைக் கழுவி, சிமெண்ட் கலவையில் ஜியோஃபோனை நேராக உட்கார வையுங்கள். பாறை அதிர்வை நன்றாகவே கடத்தும். தூரத்து லாரியையும் சேர்த்துக் கடத்தும் என்பதுதான் அதில் சிக்கல். ரோட்டோரம் என்றால் பாறையைத் தவிர்த்து மண் தேடுங்கள்.

சில்வர் ஓக் மரத்தின் அடியில் மட்டும் புதைக்காதீர்கள். காற்றில் மரம் ஆடினால் வேர் வழியாக மண்ணும் ஆடும், இரவெல்லாம் அலாரம்தான். ஆறேழு மீட்டராவது தள்ளிப் போங்கள். போர்வெல் மோட்டார், ஓடையில் தண்ணீர் விழும் இடம், இவற்றின் பக்கமும் வேண்டாம்.

மஞ்சக்குட்டை: காட்டெருமை வந்தாலும் அடிக்குது. நிம்மதியா தூங்க முடியலைங்க.

அடிக்கத்தான் செய்யும். நீங்கள் மொத்த அதிர்வின் அளவை மட்டும் வைத்து அலாரம் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அளவை விடத் தாளத்தைப் பாருங்கள்.

முதல் படி: அதிர்வு அளவின் மிகக் குறுகிய நேரச் சராசரியை (இரண்டு காலடிக்கு நடுவிலுள்ள இடைவெளியை விடக் குறைந்த நேரம்), கடைசி முப்பது நொடியின் சராசரியால் வகுங்கள். மூன்றரைக்கு மேல் போனால் ஒரு காலடி என்று எண்ணுங்கள். அடி விழும் நேரத்தில் முப்பது நொடிக் கணக்கை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் கிட்டே வரவர அவனுடைய அதிர்வே பின்னணியாகி, சென்சார் அவனை மறந்துவிடும். இரண்டாம் படி: அடுத்தடுத்து ஆறு அடி. இடைவெளி 0.4 நொடியிலிருந்து 1 நொடிக்குள் இருந்து, ஒன்றுக்கொன்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசப்படாமல் இருந்தால் மனிதன். சமதளத்தில் நாம் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம், ஏற்றத்தில் அது குறையும், ஆனால் சீர் மாறாது. காட்டெருமை நாலு கால், மேய்ந்து நின்று நகரும். அடி கனமாக இருக்கும், தாளம் இருக்காது.

இது நூற்றுக்கு நூறு பிரிக்காது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடந்தால் தாளம் குழம்பும். அதனால் தாளமில்லாத கனமான அதிர்வைத் தூக்கி எறியாமல் 'பெரிய விலங்கு' என்று தனிச் செய்தியாக அனுப்புங்கள், ஒலி இல்லாமல். அதை வாட்ச்மேன் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். டார்ச்சோடு இருட்டில் காட்டெருமைக்கு நேரே போய் நிற்பது உயிர்போகும் விஷயம். ஒரு மூட்டை மிளகு அதற்கு ஈடாகாது.

வாழவந்தி: மழையில?

பெருமழையில் ஜியோஃபோனுக்குக் காது கேட்காது. துளி விழும் அதிர்வே பின்னணியை ஏற்றிவிடும். இதற்கு மருந்து கிடையாது. பின்னணி ஒரு அளவைத் தாண்டினால் 'இப்போது கேட்கவில்லை' என்று கருவியே செய்தி அனுப்பும்படி எழுதுங்கள். அமைதியாக இருப்பதும் செவிடாக இருப்பதும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்து வாசல் கேட்டில் காந்த ஸ்விட்ச் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓமலூர்: எனக்கு மாந்தோப்பு. பி.ஐ.ஆர். சென்சார் விலை கம்மியா இருக்கே, அது போதாதா?

பி.ஐ.ஆர். உடல் சூட்டுக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. ஏற்காட்டுக் குளிரில் அருமையாக வேலை செய்யும். சித்திரை வெயிலில் உங்கள் தரையே உடம்புச் சூட்டில் இருக்கும்போது ஆள் தெரியமாட்டான், ஆடும் இலைதான் தெரியும். இரவுக்கு மட்டும் என்றால் சரி. ஜியோஃபோன் அடித்த பத்து நொடிக்குள் பி.ஐ.ஆர். அடித்தால்தான் அலாரம் என்று இரண்டையும் இணைத்தால் பொய் அலாரம் பெருமளவு குறையும்.

தலைச்சோலை: செல்போன் டவரே எடுக்காது. செய்தி எப்படி வரும் அண்ணா?

லோரா ரேடியோ, குறைந்த கரண்ட்டில் சிறு செய்தியை வெகுதூரம் அனுப்பும் வகை. 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். 915 மெகாஹெர்ட்ஸுக்கு அமைத்து வரும் மாட்யூலை அப்படியே ஓட்டாதீர்கள், அது இங்கே செல்போன் அலைவரிசை ஓரம். ஆன்டெனா கால் அலை நீளம், 8.6 செ.மீ. சென்சார் மண்ணுக்குள் இருக்கட்டும், ஆன்டெனா மட்டும் மரத்தில் மூன்று மீட்டர் உயரத்தில். நனைந்த காபி இலைக்கு நடுவில் வைத்தால் சிக்னல் அங்கேயே தீர்ந்துவிடும். நடுவில் மேடு மறைத்தால், செய்தியை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை மேட்டின் மேல் வையுங்கள்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' செய்தி வர வேண்டும். அடுத்தடுத்து இரண்டு வராவிட்டால் போய்ப் பாருங்கள்.

செம்மநத்தம்: பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? சோலார் வைக்கலாமா?

நிழல் மரத்தடியில் சோலார் வீண். கணக்கு எளிது: சராசரி 1 மில்லிஆம்பியர் என்றால் 2600 எம்.ஏ.ஹெச். லித்தியம் செல் மூன்றரை மாதம். வைஃபை எந்நேரமும் ஓடும் ஈ.எஸ்.பி.32 போர்டு அதே செல்லை ஒரு நாளில் குடித்துவிடும். பெரிய டி சைஸ் லித்தியம் தயோனைல் குளோரைடு செல், 19 ஆம்பியர் மணி, காகிதத்தில் இரண்டு வருடம், நடைமுறையில் ஒரு வருடம் என்று வையுங்கள். அந்தச் செல் நெடுநாள் சும்மா இருந்தால் உள்ளே ஒரு படலம் கட்டும். திடீரென்று ரேடியோ 120 மில்லிஆம்பியர் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து கருவி ரீசெட் ஆகிவிடும். 'பேட்டரி புதுசு, ஆனா அலாரம் மட்டும் வரலை' என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த நொடிக்கு வேண்டிய கரண்ட்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்க, கூடவே ஒரு சூப்பர் கெபாசிட்டர் போடுங்கள்.

வெள்ளக்கடை: எங்க தோட்டத்துக்குள்ள ஊர்ப்பாதை போகுது. ஜனங்க நடந்தா?

அவர்கள் நடக்க உரிமையுள்ள பாதை அது, அங்கே சென்சார் வைக்காதீர்கள். பாதையிலிருந்து தோட்டத்துக்குள் பிரியும் கிளைத்தடத்தில், 25 மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். பிறகு ஓர் ஆளைச் செருப்போடும், வெறுங்காலிலும், தலைச்சுமையோடும் ஊர்ப்பாதையில் நடக்கவிட்டுப் பாருங்கள். மூன்றிலும் அடிக்காத அளவுக்கு ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தைக் குறையுங்கள்.

டேனிஷ்பேட்டை: அலாரம் அடிச்சதும் வேலியில கரண்ட் பாயற மாதிரி இணைக்கலாமா சார்?

கூடவே கூடாது. வேலியில் வீட்டுக் கரண்ட் விடுவது குற்றம், மனிதன் செத்தாலும் காட்டெருமை செத்தாலும் சிறைதான். அலாரத்தோடு இணைக்க வேண்டியது ஃபிளட்லைட்டும் சைரனும். அவையும் சென்சாரிலிருந்து 50 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், சைரன் கம்பத்தின் அதிர்வே சென்சாரை மறுபடி கிளப்பிவிடும்.