அமெரிக்கா, பிரேசில், சிலி என்று சுற்றப் போகிறேன். நகரங்களின் ஸ்கைலைனை (வானத்தை ஒட்டித் தெரியும் கட்டட வரிசையை) நன்றாகப் படம் எடுக்க, ஒவ்வொரு ஊரிலும் உயரமான கட்டடத்துக்கு டிக்கெட் எடுத்தால் போதுமா?

போதாது. பல ஊர்களில் அதுதான் தப்பே.

நியூயார்க்குக்கு வந்த முதல் வாரமே நான் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு டிக்கெட் எடுத்தேன். 86வது மாடியில் ஒன்றரை மணி நேரம் நின்று, இருநூறு படம் எடுத்து, ராத்திரியே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "எல்லாம் நல்லா இருக்குப்பா. நீ போறேன்னு சொன்ன கட்டடம் இதுல எது?" என்று கேட்டார். எதிலும் இல்லை. அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? மாடியிலிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால் வடக்கே ராக்ஃபெல்லர் சென்டர் மொட்டை மாடிக்குப் போங்கள். நேர் தெற்கே எம்பயர் ஸ்டேட் முழுசாக நிற்கும்.

ஆனால் நான் இப்போதெல்லாம் மாடிக்கே போவதில்லை. ஆற்றைத் தாண்டிவிடுவேன். எந்தக் கரைக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உயரமான கட்டடங்கள் குவிந்திருக்கும் மன்ஹாட்டன் தீவுக்கு மேற்கே ஹட்சன் ஆறு, அக்கரையில் நியூ ஜெர்சி. சாயங்காலம் அங்கே நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கும், எதிரே உள்ள கண்ணாடிக் கட்டடம் எல்லாம் தாமிரத் தகடு மாதிரி மின்னும். அதே நேரத்தில் கிழக்கே புரூக்ளினில் நின்றால் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும், கறுப்பு நிழல்தான் கிடைக்கும். அதுவும் அழகுதான், ஆனால் வெளிச்சம் விழுந்த முகப்பு வேண்டும் என்றால் புரூக்ளினுக்கு விடியற்காலை போக வேண்டும். ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி இலவசம், சுமார் 25 நிமிடப் பயணம். மன்ஹாட்டனிலிருந்து போகும்போது வலது பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை தெரியும். பின்பக்கத் தளத்தில் நின்றால் நகரம் மெல்லப் பின்வாங்குவதைப் பார்க்கலாம்.

மாதமும் கிழமையும் படத்தை மாற்றிவிடும் என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து வானம் கருநீலமாகும். அப்போது ஜன்னல் வெளிச்சமும் வானத்து வெளிச்சமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். ஜூனில் நியூயார்க்கில் சூரியன் மறையவே எட்டரை ஆகிவிடும். ஆபீஸ் காலியாகி, ஜன்னலில் பாதி இருட்டு. டிசம்பரில் நாலரைக்கே மறைந்துவிடும். எல்லாரும் இன்னும் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள், மாடிக்கு மாடி விளக்கு எரியும். ஆகவே குளிர்காலத்து வேலை நாள் சாயங்காலம்தான் என் தேர்வு. கை விறைக்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். இன்னொரு பேட்டரியைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருப்பேன்.

சிகாகோவில் நேர்மாறு, சாயங்காலத்துக்குப் பதில் விடியல். ஏரிக்கரையில் உள்ள ஆட்லர் கோளரங்கத்துக்கு விடியலில் போங்கள், சூரியன் முதுகுப்பக்கம் ஏரியிலிருந்து எழும்பும்.

ரியோவில் நான் இரண்டு தடவை ஏமாந்தேன். கோர்கோவாடோ மலை மேல் இருக்கும் இயேசு சிலை (1931இல் திறந்தது, சிலை மட்டும் 30 மீட்டர்) கிழக்கு பார்த்து நிற்கிறது. இதை யோசிக்காமல் மத்தியானத்துக்கு மேல் போனேன். முகம் முழுக்க நிழல், பின்னால் வானம் வெளுத்துக் கிடந்தது. மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன், அன்று மேகம் மூடி சிலையே இல்லை. மூன்றாம் நாள் காலை முதல் ரயிலில் ஏறினேன். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. சிலை முழுசாக ஃபிரேமுக்குள் வர வேண்டுமே என்று, படம் எடுக்கிறவர்கள் தரையில் மல்லாக்கப் படுத்திருந்தார்கள். கோயில் பிராகாரத்தில் படுத்துக்கிடப்பது போல வரிசையாக. நானும் படுத்தேன்.

சாயங்காலத்துக்கு சுகர்லோஃப் குன்று. 1912லிருந்து கேபிள் கார் ஓடுகிறது, இரண்டு கட்டமாக 396 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும். கோர்கோவாடோ அங்கிருந்து கிட்டத்தட்ட நேர் மேற்கு. ஆகவே மார்ச், செப்டம்பர் இறுதி வாக்கில் சூரியன் அந்த மலையை ஒட்டியே இறங்கும். சிலை அங்கிருந்து நெல்மணி அளவுதான், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸ் இல்லாமல் பிரயோஜனமில்லை.

சிலியின் சாண்டியாகோவில் சான் கிறிஸ்டோபல் குன்றுக்குச் சாயங்காலம் போனால், கிழக்கே 300 மீட்டர் உயரக் கட்டடமான கிரான் டோரேயும் அதற்குப் பின்னால் ஆண்டீஸ் மலைத்தொடரும் சிவக்கும். ஒரு நிபந்தனை: குளிர்காலத்தில் ஊர் மேல் புகைமூட்டம் போர்வை மாதிரி கிடக்கும், மலை இருப்பதே தெரியாது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். இன்னொன்று, அங்கே மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும். நம்மூர்ப் பழக்கத்தில் தெற்கே வெயில் என்று கணக்குப் போட்டுக் கோட்டை விடாதீர்கள்.

பொலிவியாவின் லா பாஸில் 2014இல் வந்த கேபிள் கார் அந்த ஊரின் டவுன் பஸ் மாதிரி. அதில் மேட்டில் இருக்கும் பக்கத்து ஊரான எல் ஆல்ட்டோவுக்கு ஏறினால் பள்ளத்தாக்கு முழுக்கச் செங்கல் வீடுகள், தூரத்தில் இல்லிமானி பனிமலை. உயரம் 4,000 மீட்டருக்கு மேல். ஷட்டரை அழுத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது என் பழக்கம். அங்கே நாலாவது படத்தில் தலை சுற்றிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடி வழியாக எடுக்கும்போது கறுப்பு ஜாக்கெட்டால் லென்ஸைச் சுற்றி மூடி, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் உள்விளக்குப் பிரதிபலிப்பு போய்விடும். லென்ஸ் முன்னால் பிரதிபலிப்பைக் குறைக்க மாட்டும் போலரைசர் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள், சில கண்ணாடிகளில் வானவில் பட்டை விழும். டிரைபாடைப் பார்வைத் தளங்களில் பெரும்பாலும் விடுவதில்லை. ஒரு இடத்தில் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்ப வாங்க முக்கால் மணி நேரம். போன் போதுமா என்றால், போதும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் விளக்குகள் வெளுத்துப்போகாது.

நியூயார்க்கில் ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால்: வேர்ல்டு டிரேட் சென்டரில், அக்கரை நியூ ஜெர்சிக்குப் போகும் பாத் (PATH) ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்சேஞ்ச் பிளேஸில் இறங்குங்கள். வெளியே வந்து ஆற்றுப்பக்கம் நாலடி வைத்தால் எதிரே மன்ஹாட்டன். சூரியன் மறைய அரைமணி இருக்கும்போதே போய் இடம் பிடியுங்கள். மறைந்ததும் கூட்டம் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும். நீங்கள் கிளம்பாதீர்கள்.