இடைவேளையில் உருமி

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்கள் ஊர்க் கால்பந்து இறுதி ஆட்டத்துக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களெல்லாம் திரண்டு வரும். மலாய்க்காரர்கள், சீனர்கள், பிரமுகர்கள் வருவார்கள். இடைவேளையில் உள்ளூர் உருமி மேளத்தை இறக்கலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். கோயிலிலும் துக்க வீட்டிலும் அடிக்கும் மேளம் விளையாட்டுத் திடலுக்கு எதற்கு? தமிழ்நாட்டிலிருந்து ஒரு சினிமாப் பாடகரைக் கொண்டுவந்தால்தான் மற்றவர் முன் நமக்கு மதிப்பு. பையன்கள் இலவசமாகவே அடிப்பார்கள் என்பதற்காக அவர்களை ஏற்றுவதா? அமெரிக்கர்கள் ஆடும் அவர்கள் பாணிக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் உலகப் புகழ் பெற்றவர்களைத்தானே அழைக்கிறார்கள்?
- ஏற்பாட்டுக் குழு உறுப்பினர் ஒருவர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: உருமியைச் சொன்ன அந்தச் சிலர் பக்கம்தான் நான்.

சூப்பர் பவுலை நீங்களே இழுத்துவிட்டதால் அதிலிருந்தே வருகிறேன். 1967இல் முதல் ஆட்டத்தின் இடைவேளையில் திடலில் இறங்கியவர்கள் பல்கலைக்கழக மாணவர்களின் பேண்டு வாத்தியக் குழுவினர். நட்சத்திரங்கள் வெகுகாலம் கழித்து வந்தார்கள். அதற்கும் காரணம் உண்டு. 1992இல் இடைவேளை நேரம் பார்த்து வேறொரு தொலைக்காட்சி நிலையம் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றைப் போட்டது. இரண்டு கோடிப் பேருக்கு மேல் அதைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே மைக்கேல் ஜாக்சனை மேடையேற்றினார்கள். சேனல் மாற்றும் கையைப் பிடித்து நிறுத்த அவர்களுக்கு ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது. நம் திடலைச் சுற்றி நிற்கும் சனத்துக்கு அந்தத் தேவை இல்லை. அவர்கள் தங்கள் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க வந்தவர்கள்.

மற்ற இனத்தாருக்கு இது புரியுமா என்ற தயக்கமும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. 2026 சூப்பர் பவுலுக்கு பேட் பன்னியைத் தேர்ந்தெடுத்ததாக 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். அவர் போர்ட்டோ ரிக்கோக்காரர், ஸ்பானிய மொழியில் பாடுகிறவர். ஆங்கிலத்தில் பாடாதவர் எதற்கு என்று அங்கேயும் கூச்சல் எழுந்தது. போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள் என்பதைக் கூச்சலிட்டவர்கள் பலர் மறந்தே போனார்கள். நம் நாட்டையே பாருங்கள். பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள் அல்லிகேட்ஸ் குழுவாக நின்று மலாய்ப் பாட்டுப் பாடினார்கள். மலாய்க்காரர் வீடுகளில் அந்தப் பாட்டு ஒலித்தது. உருமிக்கு மொழியே கிடையாது. வளைந்த குச்சி தோலில் தேயும்போது எழும் அந்த உறுமல் யாருக்கும் மொழிபெயர்க்கப்பட வேண்டியதில்லை.

துக்க வீட்டு மேளம் என்றீர்கள். இந்தச் சொல்தான் என்னை வருத்தியது. தைப்பூசத்தில் பத்துமலைப் படியடியில் காவடிக்கு முன்னால் அதே உருமி முழங்கும்போது, எல்லா இனத்தாரும் வெளிநாட்டுப் பயணிகளும் சூழ்ந்து நின்று பார்க்கிறார்கள். அங்கே வராத கூச்சம் நம் ஊர்த் திடலில் ஏன் வருகிறது? தோல் கருவி என்றால் தாழ்வு என்ற நினைப்பையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் நம் முன்னோர் கப்பலேறினார்கள். லயத்து வீடுகள் போயின, ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அந்த மூட்டையை மட்டும் இன்னும் சிலர் இறக்கி வைக்கவில்லை. இறந்தவருக்கு மரியாதை செய்கிற கருவி உயிரோடிருப்பவர் நடுவில் எப்படி மரியாதைக் குறைவாகும், சொல்லுங்கள். அருள் வரவழைக்கும் அடிகளைத் திடலில் அடிக்கக் கூடாது என்று மேளக் குழுவின் மூத்தவர் சொன்னால், அதைக் கேட்டு நடங்கள். அதைச் சொல்லும் உரிமை அவருடையது, உங்களுடையதல்ல.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். ஞாயிறு மாலை எங்கள் அணி பக்கத்துத் தோட்டத்துக்கு ஆடப் போனால், லாரியில் ஆட்டக்காரர்களுக்கு முன்பே தப்பு மேளம் ஏறிவிடும். காலையில் பால் வெட்டிவிட்டு வந்த கைகள்தான் அடிக்கும். தோற்றுத் திரும்பும் நாளிலும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரைக்கும் அந்தச் சத்தம் நிற்காது. எந்தப் பாடகரின் குரலும் எனக்கு அந்த அளவுக்கு நினைவில் இல்லை.

2010 உலகக் கிண்ணத்தை எண்ணிப் பாருங்கள். ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கிண்ணம் அது. அதிகாரப்பூர்வப் பாட்டுக்குக் கொலம்பியாவின் ஷகீராவை அழைத்தார்கள். கூடவே ஒரு தென்னாப்பிரிக்கக் குழுவும் பாடியது. ஆனாலும் எங்கள் மண்ணில் எங்களுக்கு இடமில்லையா என்று அந்நாட்டுக் கலைஞர்கள் கேட்டார்கள். அந்தப் பாட்டின் பல்லவியே 1986இல் கேமரூன் குழு ஒன்று பாடியதிலிருந்து எடுத்ததுதான்.

வேலை எப்படி நடக்கும் என்றும் யோசித்தீர்களா? கால்பந்து விதிப்படி இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சூப்பர் பவுலில் இடைவேளையை ஏறக்குறைய அரை மணி நேரமாக நீட்டி, மேடையைத் துண்டு துண்டாகச் சக்கரத்தில் தள்ளிவந்து சேர்க்க நூற்றுக்கணக்கானோரை நிறுத்துகிறார்கள். நமக்கு மைக் செட் போட்டு முடிப்பதற்குள் நடுவர் விசில் ஊதிவிடுவார். வெளிநாட்டுக் கலைஞர் என்றால், அவர்கள் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதியும் வாங்க வேண்டும். உருமிக் குழுவோ வாசல் வழியே அடித்துக்கொண்டே நடந்து வரும். ஒயரும் வேண்டாம், மேடையும் வேண்டாம்.

இலவசம் என்றீர்களே, அதில் மட்டும் உங்கள் குழு முழுவதோடும் எனக்குச் சண்டை. சூப்பர் பவுல் பாடகருக்குப் பெருந்தொகை எதுவும் தருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நிகழ்ச்சிச் செலவை அவர்கள் ஏற்கிறார்கள், அவருடைய பாட்டும் மறுநாள் உலகமெங்கும் விற்கிறது. நம் பையன்களுக்கு மறுநாள் என்ன விற்கும்? அங்கேயே 2022இல் தொழில்முறை நடனக்காரர்களைச் சம்பளமில்லாமல் சேர்க்கப் பார்த்தபோது அவர்கள் எதிர்த்து நின்றார்கள். பாடகருக்கென்று ஒதுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியையாவது மேளக்காரர்களுக்குக் கொடுங்கள். முன்பணத்தை இந்த வாரமே கொடுங்கள். நாளைக் குறித்துக்கொண்டு வேறு ஊர்க் கோயில் அழைப்பை விட்டுவிட்டு வர அவர்களுக்கும் வழி வேண்டும். பிரமுகர்கள் பேசி முடித்த பிறகு கிடைக்கும் மிச்ச நேரத்தில் அவர்களைத் தள்ளாதீர்கள். 15 நிமிடமும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று. மாலையானால் மழை இறங்கும் ஊர் நம்முடையது. தோல் நனைந்தால் உருமிக்குக் குரல் எழாது. பிரமுகர்களின் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மேளக்காரர்களுக்கும் ஒரு கூடாரம் போட்டு வையுங்கள்.