குறைந்த செலவில் காமிக்ஸ் வரைய எந்த டேப்லெட் ஏற்றது?

கேள்வி: பென்சிலும் மைப்பேனாவும் கொண்டு தாளில் கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதைகள் வரைந்து வருகிறேன். இனி கணினியிலேயே வரைய எண்ணுகிறேன். என்னிடம் 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி இருக்கிறது. கையில் உள்ள பணமோ குறைவு. திரை இல்லாத டேப்லெட் போதுமா, இன்னும் சில காலம் பணம் சேர்த்துத் திரை உள்ளதை வாங்குவது நல்லதா? ஒரு விளம்பரம் 8192 அழுத்த நிலைகள் (பேனாவை அழுத்தும் வேகத்தையல்ல, அழுத்தத்தின் அளவைப் பிரித்தறியும் படிகள்) என்கிறது, மற்றொன்று 16384 என்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: காத்திருக்க வேண்டாம். மடிக்கணினி கைவசம் இருப்பதால், திரை இல்லாத (பலகைமேல் பேனாவை ஓட்டினால் கோடு கணினித் திரையில் தோன்றும்), நடுத்தர அளவிலான, பேட்டரி தேவைப்படாத பேனாவுடன் வரும் டேப்லெட்டை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். திரை உள்ளவற்றில் விலை குறைந்த மாதிரிகள் பலவற்றில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், பேனாமுனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளி வேறிடத்திலும் விழும். அவற்றை இணைக்க எச்டிஎம்ஐ துளையோ காட்சியையும் கடத்தக்கூடிய யூஎஸ்பி-சி துளையோ வேண்டும். பல மடிக்கணினிகளின் யூஎஸ்பி-சி துளை தரவை மட்டுமே கடத்தும். திரைமேல் குனிந்தபடி மணிக்கணக்கில் வரைந்தால் கழுத்து வலிக்கும் என்பதால் நல்ல தாங்கி ஒன்றும் தேவைப்படும். இத்தனையையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் கருவியாக அது உங்களுக்குக் கட்டுபடியாகாது என்பதே என் கருத்து.

அழுத்த நிலைகளின் எண்ணிக்கையை நீங்கள் பொருட்படுத்தவே வேண்டாம். 2048 நிலைகள் மட்டுமே கொண்ட, வாகாம் நிறுவனத்தின் 'ஒன் பை வாகாம்' டேப்லெட்டிலும் மெல்லிய கோடு தடித்து மீண்டும் மெலிவது சீராகவே வரும். அதற்கு மேற்பட்ட நுணுக்கத்தைக் கை பிரித்தறிவது அரிது. நீங்கள் பார்க்க வேண்டியது, எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு பிறக்கிறது என்பதை. இது பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படுவதில்லை. ஆனால் மையிடும் வேலையில் இதுதான் எல்லாம். பேனாவை விரல்களில் தளர்வாகப் பிடித்து, அழுத்தாமல், அதன் சொந்த எடையில் மட்டும் இழுத்துப் பாருங்கள். இழைபோல் ஒரு கோடு வந்தால் நல்ல பேனா. பிறகு கண்ணிமை முடிகளையும் தலைமயிரையும் விரைவாக வீசி வரையுங்கள். ஒவ்வொரு வீச்சும் இரு முனைகளிலும் கூர்ந்து முடிய வேண்டும். தொடக்கத்தில் புள்ளிபோல் மை திரண்டாலோ, முடிவு வெட்டிவிட்டாற்போல் நின்றாலோ, டிரைவர் (டேப்லெட்டைக் கணினியில் இயங்கவைக்கும் மென்பொருள்) அமைப்பில் உள்ள அழுத்த வளைகோட்டை, அதாவது எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு தடிமன் என்ற கணக்கை மாற்றி ஓரளவு சரிசெய்யலாம். தொடக்க அழுத்தமே அதிகம் கேட்கும் பேனாவை அதனாலும் திருத்த முடியாது.

அடுத்தது அளவு. சிறிய டேப்லெட்டுகளில் வரையும் பரப்பு ஏறத்தாழ 152 × 95 மில்லிமீட்டர். நடுத்தர அளவில் வாகாம் 216 × 135 மில்லிமீட்டர் தருகிறது. ஹ்யூயான், எக்ஸ்பி-பென் ஆகிய நிறுவனங்களின் சில மாதிரிகள் 10 × 6.25 அங்குலம் வரை தருகின்றன. தாளில் மைப்பேனா ஓட்டிப் பழகிய உங்கள் கை, நீண்ட கோடுகளை முழங்கையிலிருந்து இழுக்கும் கை. சிறிய பரப்பில் அந்த அசைவு முழுவதும் மணிக்கட்டுக்குள் சுருங்கிவிடும், கோடும் நடுங்கும். எனவே நடுத்தர அளவையே பரிந்துரைக்கிறேன். மேசையில் இடமே இல்லாதவர்கள் சிறியதை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வரையலாம்; வேலை நடக்கும், ஆனால் மெதுவாக.

இணைத்ததும் முதலில் செய்ய வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. பலர் இதைத் தவறவிட்டு, டேப்லெட் கைக்குப் பழகவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். மேற்சொன்ன சிறிய டேப்லெட்டின் பரப்பு 16:10 விகிதத்தில் இருக்க, 1920 × 1080 திரை 16:9 விகிதத்தில் இருக்கிறது. அப்படியே விட்டால், கை வரையும் வட்டம் திரையில் அகலவாக்கில் ஏறத்தாழ 11 விழுக்காடு நீண்டு முட்டைவடிவமாகும். நீங்கள் வரையும் முகங்களும் அப்படியே அகன்றுபோகும். டிரைவரில் விகிதத்தைத் திரைக்குப் பொருத்தும் தெரிவை இயக்கினால், 95 மில்லிமீட்டர் உயரத்தில் 85.5 மட்டுமே பயன்படும். அந்த இழப்பு பொருட்டல்ல. டேப்லெட்டைத் திரைக்கு நேர்கீழே, சாய்வின்றி வைப்பதும் முக்கியம். சற்றே திரும்பியிருந்தாலும் கிடைக்கோடுகள் எல்லாம் சரிந்து வரும்.

கையைப் பாராமல் திரையைப் பார்த்து வரைவது தொடக்கத்தில் எரிச்சலூட்டும். தொடர்ந்து வரைந்தால் சில வாரங்களில் பழகிவிடும். அதுவரை பென்சில் வரைவைத் தாளிலேயே செய்து, ஸ்கேன் எடுத்து, அதை வெளிர்நீல நிறத்துக்கு மாற்றி, மேலே புதிய லேயரில் (கண்ணாடித்தாள்போல் படத்தின்மேல் அடுக்கப்படும் தனி அடுக்கில்) மையிடுங்கள். உங்கள் கோட்டின் இயல்பு கெடாமல் கணினிக்கு மாற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மடிக்கணினி தாங்குமா என்ற கவலை வேண்டாம், ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அச்சுக்கான கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வழக்கம். அந்த அளவில் ஏ4 பக்கம் ஒன்று 4961 × 7016 பிக்சல் ஆகும். வண்ண முறையில், முழுதும் நிரம்பிய ஒரு லேயர் மட்டும் ஏறத்தாழ 139 எம்பி நினைவகம் கேட்கும். இருபது லேயர் சேர்ந்தால் உங்கள் ரேமில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே பக்கத்தைச் சாம்பல் முறையில் வரைந்தால் லேயருக்கு அதைவிட மிகக் குறைந்த நினைவகமே போதும். வண்ணப் பக்கங்களுக்கு 300 முதல் 350 டிபிஐ போதுமானது.

மென்பொருளுக்கு முதலில் செலவு செய்யாதீர்கள். கிரிட்டா, மெடிபாங் பெயின்ட் இரண்டும் இலவசம். கட்டம் பிரிக்கும் கருவி மெடிபாங்கில் உள்ளது. பல பக்கங்களை ஒரே கோப்பாகக் கையாள வேண்டிய நிலை வரும்போது கிளிப் ஸ்டூடியோ பெயின்டின் இஎக்ஸ் பதிப்பைப் பற்றி யோசிக்கலாம். சில டேப்லெட்டுகளுடன் அதன் உரிமம் இணைப்பாகக் கிடைக்கும். எத்தனை மாதங்களுக்கு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியே இல்லாத வாசகர்கள், கணினியின்றித் தானே இயங்கும் கையடக்க டேப்லெட்டைத்தான் நாட வேண்டியிருக்கும். அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2023இல் வெளிவந்த யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில், அழுத்தத்தை உணராது. விலை குறைவு என்று அதை வாங்கினால், அழுத்தத்துக்கேற்பத் தடித்து மெலியும் கோடு கிடைக்காது. எந்தத் தொடுதிரையிலும் வேலை செய்யும் ரப்பர் முனைப் பேனாக்களும் அப்படியே. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டுடன் பெட்டியிலேயே வரும் எஸ் பென், அழுத்தத்தை உணரும்; அதற்குப் பேட்டரியும் தேவையில்லை.

பயன்படுத்தியதை வாங்குவதிலும் தவறில்லை. மேற்பரப்புக் கீறல்கள் உணர்திறனைப் பாதிப்பதில்லை, பேனாவின் மாற்றக்கூடிய முனையான நிப்பைத்தான் விரைவில் தேய்க்கும். யூஎஸ்பி துளை ஆடுகிறதா என்று கம்பியை மெல்ல அசைத்துப் பாருங்கள். பேனா அந்த மாதிரிக்கே உரியதா என்பதை உறுதிசெய்யுங்கள். ஒரு நிறுவனத்தின் பேனா மற்றொன்றின் டேப்லெட்டில் பெரும்பாலும் இயங்காது. மாற்றுப் பேனாவும் நிப்களும் தனியே கிடைக்கின்றனவா, உங்கள் இயங்குதளத்துக்கு டிரைவர் இன்னும் வெளியிடப்படுகிறதா என்ற இரண்டையும் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கணினியில் ஏற்கெனவே வேறு நிறுவனத்தின் டேப்லெட் டிரைவர் இருந்தால், அதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். இரண்டும் மோதிக்கொண்டால் அழுத்த உணர்வு வேலை செய்யாமல் போகக்கூடும்.